சாப்பிட உட்கார்ந்தால் தாடை வீங்குகிறதா? உமிழ்நீர்க் குழாய்க் கல்லை எண்டோஸ்கோப்பியில் எடுப்பது பற்றி

ரசமோ எலுமிச்சை ஊறுகாயோ நாக்கில் பட்ட உடனே தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கி, விண்ணென்று தெறித்து, ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்து போகிறதா? அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு மறுபடி அதே கதையா? அப்படியென்றால் பெரும்பாலும் உமிழ்நீர்க் குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது. பல்வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழுத்தில் கட்டி என்று பயந்து வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் அரைவயிறு சாப்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். உமிழ்நீர்க் குழாய்க்குள் மெல்லிய கேமராவை விட்டுக் கல்லை எடுக்கும் சிகிச்சையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று சலைன் தள்ளுவது என் வேலை. சையலெண்டோஸ்கோப்பி என்று இதற்குப் பெயர். வெளியே கத்தி வைக்காமல், சுரப்பியைக் காப்பாற்றிக்கொண்டு, அடைப்பை மட்டும் நீக்கும் முறை. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் சுரப்பியை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கே அடைக்கிறது, ஏன் அடைக்கிறது

நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் பரோட்டிட், தாடை எலும்புக்குக் கீழே ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. எல்லாமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கின்றன. பரோட்டிட்டின் குழாய் கன்னத்தின் உள்பக்கம், மேல் கடைவாயில் இரண்டாவது பெரிய பல்லுக்கு நேராகத் திறக்கும். தாடைச் சுரப்பியின் குழாய் நாக்கைத் தூக்கினால் நடுவில் தெரியும் அந்த மெல்லிய நரம்புபோன்ற சவ்வுக்கு இரு பக்கமும் சின்னப் புள்ளியாகத் திறக்கும். கண்ணாடி முன் நின்று பாருங்கள், நன்றாகவே தெரியும்.

கல் விழுவது பத்தில் எட்டுப் பேருக்குத் தாடைச் சுரப்பியில்தான். காரணம் உண்டு. அதன் எச்சில் கெட்டி, கால்சியமும் அதில் அதிகம். குழாய் சுமார் 5 செ.மீ. நீளம். அது கீழிருந்து மேலே ஏறி, வழியில் ஒரு தசையின் ஓரத்தில் வளைந்து வருகிறது. கடைசியில் வாய்க்குள் திறக்கும் துளையோ அரை மி.மீ. தான். மெதுவாக, மேல்நோக்கி, கெட்டியாக ஓடுகிற நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து படிந்து கல்லாகிறது. வாய்க்காலின் கடைமடையில் மண் சேர்ந்தால் தண்ணீர் பின்னால் தேங்கி நிற்குமே, அதேதான் சுரப்பிக்குள் நடக்கிறது. சாப்பிடும் நேரத்தில் சுரப்பு கூடுவதால் அப்போது மட்டும் வீக்கம் வருகிறது.

தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் வாயை வறள வைக்கும் மருந்துகளும் இதற்கு வழி விடும். சில மன அழுத்த மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரைகள், சளி அரிப்புக்குப் போடும் பழைய வகை மாத்திரைகள் எல்லாம் இதில் சேரும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வாய் வறட்சியைச் சொன்னால் அவரே மாற்றித் தருவார்.

எல்லா அடைப்பும் கல் இல்லை. குழாய் சுருங்கிப் போயிருக்கலாம், கெட்டிச் சளி திரண்டு அடைத்திருக்கலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்குச் சில மாதங்கள் கழித்துக் கன்னம் வீங்குவதுண்டு, ஏனென்றால் அந்த அயோடினை உமிழ்நீர்ச் சுரப்பியும் இழுத்துக்கொள்ளும். கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டு, மூட்டும் வலித்து, இரண்டு கன்னமும் மாறி மாறி வீங்கினால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு நிலையிலும் எண்டோஸ்கோப் விட்டுக் குழாயைக் கழுவினால் நல்ல நிவாரணம் கிடைக்கும். ஆனால் அடிப்படையில் இருக்கும் நோய் அதனால் போய்விடாது, அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் பிள்ளைக்குக் கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிக் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள். உண்மையான பொன்னுக்கு வீங்கி பொதுவாக ஆயுளுக்கு ஒரு முறைதான் வரும். "போன வருஷமும் வந்துச்சுங்க, அதுக்கு முந்தின வருஷமும் வந்துச்சுங்க" என்று ஒரு தாய் சொன்னால் அது வேறு. சிறுபிள்ளைகளுக்குப் பரோட்டிட் திரும்பத் திரும்ப வீங்கும் நோய் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் வயதுக்கு வரும் காலத்தில் தானாக அடங்கிவிடும். அதுவரை அடிக்கடி காய்ச்சலும் ஆன்டிபயாட்டிக்குமாகப் பிள்ளை அவதிப்பட்டால், குழாயைக் கழுவிவிடுவது அந்த வேதனையை நன்றாகக் குறைக்கிறது.

முதலில் வீட்டில் என்ன செய்யலாம்

காய்ச்சல் இல்லை, வீக்கம் வந்து வந்து போகிறது என்றால் சில நாள் இதைச் செய்து பாருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுங்கள். எலுமிச்சைத் துண்டையோ பெரிய நெல்லிக்காயையோ வாயில் ஒதுக்கிக்கொண்டு சுரப்பியை நீவி விடுங்கள். தாடைச் சுரப்பி என்றால் தாடையின் பின்மூலைக்கு அடியிலிருந்து முகவாய்க்கட்டை நோக்கி நீவ வேண்டும். பரோட்டிட் என்றால் காதுக்கு முன்னாலிருந்து கன்னத்தின் வழியாக வாயோரம் நோக்கி. சின்னக் கல் வாய்ப்பக்கம் இருந்தால் இதிலேயே வந்து விழுந்துவிடுவதும் உண்டு. பல் துலக்கும்போது மணல் மாதிரி ஏதோ வந்தது, அன்றைக்கே வீக்கம் போய்விட்டது என்று வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

புளிப்பு சாப்பிட்டதும் வலி தாங்க முடியாமல் கூடினால் நிறுத்திவிடுங்கள். கல் முழுசாக அடைத்திருக்கிறது, எச்சில் போக வழியில்லை என்று அர்த்தம். இன்னொன்று, நாக்குக்கு அடியில் வெள்ளையாகக் கல் தெரிகிறதே என்று ஊக்கையோ ஊசியையோ வைத்து நோண்டாதீர்கள். அந்த அரை மி.மீ. துளை கிழிந்து தழும்பாகி மூடிக்கொண்டால், உள்ளே கேமரா விடும் வாசலே போய்விடும். கல்லை எடுப்பதைவிட அந்தத் தழும்பைத் திறப்பது சிரமம்.

குளிர்க்காய்ச்சல், வீக்கத்தின் மேல் தோல் சிவப்பது, குழாய்த் துளையிலிருந்து சீழ் வருவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, இதில் எதுவந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாக்கின் அடிப்பகுதி வீங்கி நாக்கை மேலே தள்ளுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு சிரமமாக இருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அவசரப் பிரிவுக்கு உடனே கிளம்புங்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்குகிற மூன்று நாள் மாத்திரை இதற்கு உதவாது.

சாப்பாட்டுக்கும் வீக்கத்துக்கும் சம்பந்தமே இல்லாமல், ஏறாமல் இறங்காமல், கெட்டியாக ஒரு கட்டி நின்றாலோ, அந்தப் பக்கம் முகம் இழுத்தாலோ, அது அடைப்பு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஊசியில் செல் எடுத்துப் பரிசோதிக்க வேண்டிய விஷயம் அது.

ஸ்கேனும் டாக்டரிடம் கேட்க வேண்டியதும்

பார்க்க வேண்டியது காது மூக்கு தொண்டை நிபுணரை, அல்லது வாய், முக அறுவை செய்யும் பல் மருத்துவரை. அவர் முதலில் கையுறை போட்டு ஒரு விரலை வாய்க்குள்ளும் மறு கையைத் தாடைக்கு வெளியிலும் வைத்துக் குழாயைத் தடவிப் பார்ப்பார். பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் அல்ட்ராசவுண்ட். செலவு குறைவு, கதிர்வீச்சும் கிடையாது, பெரும்பாலான கற்களைக் காட்டிவிடும். வெறும் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் கல்லே இல்லை என்று ஆகிவிடாது. பரோட்டிட் கற்களில் நிறைய எக்ஸ்ரேயில் தெரியாது. அல்ட்ராசவுண்டில் சந்தேகம் வந்தாலோ, எத்தனை கல் என்று தெளிவாகத் தெரிய வேண்டுமென்றாலோ, மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன் எழுதுவார்கள். குழாய்ச் சுருக்கம் என்று நினைத்தால் எம்.ஆர்.ஐ. உதவும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள். கல் எத்தனை மி.மீ.? குழாயின் முன்பகுதியிலா, சுரப்பியின் வாசலிலா, சுரப்பிக்குள்ளேயா? அசைகிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஒன்றா, பலவா? இந்த நாலுக்கும் பதில் கிடைத்தால் எந்த வழி உங்களுக்குச் சரிவரும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

தாடைச் சுரப்பிக் குழாயில் 4 மி.மீ.க்குள், பரோட்டிட் குழாயில் 3 மி.மீ.க்குள் இருந்து, கல் அசையவும் செய்தால், எண்டோஸ்கோப்பில் கம்பிக் கூடையை விட்டு முழுசாக வெளியே இழுத்துவிடலாம். அதைவிடப் பெரிசு, 5லிருந்து 7, 8 மி.மீ. என்றால் உள்ளேயே லேசராலோ அதிர்வுக் கருவியாலோ உடைத்துத் துண்டு துண்டாக எடுக்கப் பார்ப்பார்கள். இன்னும் பெரிய கல், விரலுக்குத் தட்டுப்படுகிற கல் என்றால் வாய்க்குள்ளேயே நாக்குக்கு அடியில் ஒரு வெட்டுப் போட்டு எடுத்துவிட்டு, அப்புறம் எண்டோஸ்கோப்பை விட்டு மிச்சம் மீதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் கலந்த முறை. வெளியே தழும்பு கிடையாது. பரோட்டிட்டில் பெரிய கல் என்றால் காதோரம் ஒரு கீறல் போட்டு, உள்ளே எண்டோஸ்கோப் காட்டும் வெளிச்சத்தைப் பார்த்துக் கல் இருக்கும் இடத்தை மட்டும் திறப்பார்கள். முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் ஓடுகிறது என்பதால் இதை இந்த வேலையில் பழகிய கைதான் செய்ய வேண்டும்.

"எங்களிடம் எண்டோஸ்கோப் இல்லை, சுரப்பியை எடுத்துவிடலாம்" என்று ஒரு இடத்தில் சொன்னால், கோபப்படாமல், "இதைச் செய்கிற இடத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா" என்று கேளுங்கள். இந்தக் கருவி விலை அதிகம், எளிதில் வளைந்து உடைந்தும் போகும். அதனால் எல்லா ஊரிலும் இருக்காது. கல் என்பது நாளைக்கே எடுத்தாக வேண்டிய விஷயமில்லை. சீழும் காய்ச்சலும் இல்லாதவரை, சில வாரம் தள்ளிப்போனாலும் சரியான இடத்துக்குப் போவதுதான் நல்லது. ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த சுரப்பிகூட வழி திறந்ததும் ஓரளவு மறுபடி சுரக்க ஆரம்பிக்கிறது. செத்துப்போன சுரப்பி என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டியதில்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். எண்டோஸ்கோப்பில் கல் வராவிட்டால் அதே மயக்கத்தில் சுரப்பியை எடுத்துவிடலாம் என்று அதில் இருக்கக்கூடும். அது சரியா தவறா என்பது உங்கள் நிலையைப் பொறுத்தது. ஆனால் உங்களுக்கு அதில் சம்மதமா என்பதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு பேசுகிற விஷயமில்லை இது.

போவதற்கு முன்

சீழ் பிடித்த நேரத்தில் எண்டோஸ்கோப் விட மாட்டார்கள். குழாயின் சுவர் அப்போது வீங்கி ஊறிப்போயிருக்கும், கம்பி பட்டாலே பொத்துக்கொள்ளும். முதலில் மருந்தில் அடக்கிவிட்டு, சில வாரம் கழித்துத்தான் தேதி தருவார்கள். தள்ளிப்போடுகிறார்களே என்று வேறு இடம் தேடி ஓடாதீர்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். ஆடும் பல், கழற்றும் பல்செட் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பாக்கு, குட்கா, பான் மசாலா பழக்கம் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பாக்கினால் வாயின் உள்சவ்வு இறுகி, வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காத நிலை வருகிறது. அப்படி வந்தவர்களுக்குக் குழாய்த் துளையைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். கல்லுக்காக இல்லாவிட்டாலும் அதை நிறுத்தத்தான் வேண்டும். கல்லும் சேர்ந்துகொண்டால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

மருத்துவக் காப்பீடு இருந்தால், சிகிச்சையின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டுபோய், அது பட்டியலில் வருகிறதா என்று காப்பீட்டுக் கவுன்டரில் முன்னாலேயே கேட்டு வையுங்கள். ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்புகிற சிகிச்சைகளுக்கு விதிகள் வேறாக இருக்கும்.

தியேட்டருக்குள் என்ன நடக்கும்

1990களின் தொடக்கத்தில் பாரிஸில் பிலிப் காட்ஸ் உமிழ்நீர்க் குழாய்க்குள் மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தார். இஸ்ரேலில் ஓடெட் நாலியெலி, ஜெனீவாவில் பிரான்சிஸ் மார்ஷல், ஜெர்மனியின் எர்லாங்கனில் ஹைன்ரிஷ் ஈரோ என்று பலர் கருவியையும் முறையையும் மேம்படுத்தினார்கள். இன்று நாங்கள் கையில் எடுக்கும் எண்டோஸ்கோப்பின் தடிமன் 0.8 மி.மீ.யிலிருந்து 1.6 மி.மீ.க்குள். அதற்குள்ளேயே வெளிச்சம் போகும் இழை, படம் எடுக்கும் இழை, சலைன் போகும் வழி எல்லாம் இருக்கின்றன, மிக மெல்லியதைத் தவிர மற்றவற்றில் கம்பி போகும் வழியும் இருக்கும். அதைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவு நோஞ்சான் கருவி.

சிறிய கல், பயமில்லாமல் ஒத்துழைக்கும் ஆள் என்றால் மரத்துப்போகும் ஊசி மட்டும் போதும். நீங்கள் விழித்திருப்பீர்கள். குழந்தைகளுக்கும், பெரிய கல்லுக்கும், நேரம் பிடிக்கும் என்று தெரிந்தாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். மயக்கம் என்றால் ஆறு மணி நேரத்துக்கு முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் எப்போதுவரை குடிக்கலாம் என்பதை மயக்க டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை அந்தத் துளையைக் கண்டுபிடிப்பது. தாடைச் சுரப்பியில் இதுதான் மொத்தச் சிகிச்சையிலும் கஷ்டமான கட்டம் என்பேன். சுரப்பியை வெளியிலிருந்து அமுக்கினால் துளையில் ஒரு சொட்டு எச்சில் துளிர்க்கும். அந்தச் சொட்டைக் குறிவைத்து, முனை கூரான மெல்லிய கம்பியில் ஆரம்பித்து, ஒன்றைவிட ஒன்று தடித்த கம்பிகளாக மாற்றி மாற்றி விட்டுத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துவார் டாக்டர். விழித்திருப்பவர்களுக்கு இந்த நேரத்தில் ஒரு அழுத்தம் தெரியும். வலித்தால் கையைத் தூக்குங்கள், தலையை ஆட்டாதீர்கள். கம்பி குழாயை விட்டு விலகிச் சதைக்குள் போய்விட்டால் அன்றைய வேலை அதோடு நிற்க வேண்டியதுதான்.

எண்டோஸ்கோப் உள்ளே போனதும் நான் சிரிஞ்சில் சலைனைத் தள்ள ஆரம்பிப்பேன். தண்ணீர் தள்ளினால்தான் குழாய் விரியும், விரிந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். நலமான குழாயின் உள்சுவர் வெளிறிய பளபளப்பாக, மெல்லிய ரத்தநாளங்கள் ஓட, அவ்வளவு அழகாக இருக்கும். நாள்பட்ட அழற்சி இருந்தால் சிவந்து, சளித் திரள் ஒட்டியிருக்கும். கல் மஞ்சளாக வழியை மறித்துக்கொண்டு நிற்கும். தள்ளுகிற சலைன் அதிகமானால் நாக்கின் அடிப்பகுதி உப்பும். ஆகவே திரையில் ஒரு கண், நாக்கின் அடியில் ஒரு கண் என்றுதான் நான் நிற்பேன். சிகிச்சை முடிந்து உங்கள் கழுத்து வீங்கியிருக்கிறது என்றால் பாதிக்குமேல் இந்தச் சலைன்தான், பயப்பட வேண்டாம்.

கம்பிக் கூடையை மூடியபடியே கல்லைத் தாண்டி விட்டு, அங்கே விரித்து, மெல்லப் பின்னால் இழுத்துக் கல்லைக் கூடைக்குள் வாங்கி மூட வேண்டும். அப்படியே எண்டோஸ்கோப்போடு சேர்த்து வெளியே இழுப்பார்கள். வாசலில் கல் சிக்கினால் துளையில் ஒரு சின்ன வெட்டு. கல் குழாயைவிடப் பெரிதாக இருந்து கூடையோடு சிக்கிக்கொள்வதும் நடக்கும். அதனால்தான் அளவு விஷயத்தில் டாக்டர்கள் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள். லேசரில் உடைப்பதற்குப் பொறுமை வேண்டும். சூடு குழாய்ச் சுவரில் பட்டால் பின்னால் சுருக்கம் வரும் என்பதால் விட்டு விட்டு, சலைனால் குளிர்வித்துக்கொண்டே உடைப்பார்கள்.

ஒரு கல் வந்ததும் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவோம். ஆனாலும் மறுபடி எண்டோஸ்கோப் உள்ளே போகும். பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கலாம். குழாய்ச் சுருக்கம் இருந்தால் பலூனாலோ தடித்த கம்பியாலோ விரித்துவிட்டு, மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்து நூலால் தைப்பார்கள். அதுதான் ஸ்டென்ட். கடைசியாக ஸ்டீராய்டு கலந்த திரவத்தால் ஒரு கழுவு. அரை மணி நேரத்திலும் முடியும், இரண்டு மணி நேரமும் ஆகும். வெளியே காத்திருக்கும் வீட்டார் நேரத்தை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள்.

பொதுவாகப் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்குச் சுரப்பியைக் காப்பாற்றிக்கொண்டே அடைப்பைச் சரிசெய்ய முடிகிறது. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். குழாய் பொத்துக்கொள்ளலாம், கிருமி தொற்றலாம், பின்னால் துளை சுருங்கலாம், நாக்குக்கு அடியில் எச்சில் தேங்கிக் கொப்புளமாகலாம். நாக்கின் உணர்ச்சி நரம்பு தாடைக் குழாயின் அடியில் குறுக்காகப் போகிறது. எனவே வாய்க்குள் வெட்டுப் போட்டுக் கல் எடுத்தவர்களுக்குச் சில வாரம் நாக்கின் ஒரு பக்கம் மரத்திருக்கலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், அரிதாகச் சிலருக்கு நிற்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பாதிச் சிகிச்சை இங்கேதான் இருக்கிறது. தியேட்டரில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் எச்சில் ஓடாமல் தேங்கினால் குழாய் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

முதல் இரண்டு நாள் வீக்கம் இருக்கும், பாராசிட்டமால் போதும். ஆறிய கஞ்சி, மசித்த இட்லி, தயிர் சாதம் என்று காரமும் சூடும் இல்லாமல் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். நீவி விடுவதை எப்போது ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், தினமும் நாலைந்து முறை, குறிப்பாகச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், முன்னே சொன்ன திசையிலேயே நீவுங்கள். விரல் நுனியால் குத்தாமல், விரல்களைச் சேர்த்துப் படிய வைத்து, பின்னாலிருந்து முன்னால் ஒரே போக்காக. எச்சில் நாக்குக்கு அடியில் கசிவது உங்களுக்கே தெரியும். முதல் தடவை அது தெரிந்ததும் "வருதுங்க சிஸ்டர், வருதுங்க" என்று குழந்தைபோல் சொன்ன ஒரு பெரியவரை நான் மறக்க மாட்டேன். கொஞ்ச காலமாகப் புளிக்குழம்பே வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தவர் அவர்.

புளிப்பும் டாக்டர் சொன்ன பிறகுதான். புளிப்பு மிட்டாய் என்று எழுதிக் கொடுப்பார்கள், சர்க்கரை நோய் இருப்பவர்கள் அதற்குப் பதில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் புளிப்பை வாயில் போட்டுக்கொண்டே இருந்தால் பல் கூசும், ஆகவே நீவும் நேரத்துக்கு மட்டும். தண்ணீர் இரண்டரை லிட்டர் வரை குடியுங்கள். சிறுநீரகம், இதயம் காரணமாகத் தண்ணீர் அளந்து குடிக்கச் சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஸ்டென்ட் வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரம் நாக்கில் நூல் உறுத்தும். நாக்கால் அதை நெருடாதீர்கள். தானாக விழுந்துவிட்டால் விழுந்த பிளாஸ்டிக்கைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள், முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்களாக இழுக்க வேண்டாம்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ்ச்சுவை தெரிந்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, குறித்த தேதிவரை காத்திருக்காமல் வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் சில மாதம் கழித்து ஒரு அல்ட்ராசவுண்ட் பார்ப்பது நல்லது. உடைத்து எடுத்த கல் என்றால் கட்டாயம் பாருங்கள். துண்டு ஒன்று தங்கியிருந்தால் அதன்மேல் மறுபடி படிய ஆரம்பிக்கும்.

மறுபடி வீங்கினால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று மனம் உடைய வேண்டாம், இரண்டாவது முறையும் எண்டோஸ்கோப் விடலாம். எவ்வளவு முயன்றும் முடியாத சுரப்பிகளும் இருக்கத்தான் செய்கின்றன: உள்ளே சிதறிக் கிடக்கும் பல கற்கள், திரும்பத் திரும்பச் சீழ் கட்டிச் சிதைந்துபோன சுரப்பி. அப்போது எடுப்பதுதான் சரியான முடிவு. தாடைச் சுரப்பி ஒன்றை எடுத்தால் வாய் வறண்டு போய்விடாது, மற்றச் சுரப்பிகள் ஈடுகட்டிவிடும். அந்த அறுவையில் கீழுதட்டை அசைக்கும் நரம்பும் நாக்கின் நரம்புகளும் பக்கத்திலேயே ஓடுகின்றன என்பதால், அவற்றைப் பற்றி மட்டும் டாக்டரிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.